வீட்டிலேயே சி.என்.சி. இயந்திரம்! திருகும் தண்டவாளமும் வாங்குமுன் யோசியுங்கள்

கோவைக்காரர்களுக்கு இயந்திரம் என்றால் தனிப் பிரியம். பழுதான மோட்டாரைக் கண்டால் கழற்றிப் பார்க்காமல் கை சும்மா இராது. கலங்கலில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி.டி.நாயுடு, இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டினார். இது ஊரறிந்த செய்தி.

அந்த ஆசை இன்றும் கோவையை விட்டுப் போகவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை, "மாடியறையில் நானே ஒரு சி.என்.சி. இயந்திரம் செய்யப் போகிறேன்" என்று சொன்னால் வியப்பில்லை. ஆனால் அதற்குச் செலவாவது குடும்பத்தின் பணம். அம்மாவின் சீட்டுப் பணமாகக்கூட இருக்கலாம். ஆகவே எதை வாங்குவது, எப்படி வாங்குவது என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

சி.என்.சி. என்றால் என்ன?

எண்களைக் கட்டளையாக ஏற்று, தானே நகர்ந்து, மரத்தையும் உலோகத்தையும் செதுக்கும் இயந்திரம் இது. 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவில், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதன் முன்னோடி இயங்கிக் காட்டப்பட்டது. அதற்குத் துளையிட்ட நாடாவில் கட்டளை கொடுத்தார்கள். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

கம்ப்யூட்டர் மூளை என்றால், கை கால்கள் இரண்டு. ஒன்று, மோட்டாரின் சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் 'பால் ஸ்குரூ'. மற்றொன்று, அந்த நகர்வு கோணாமல் காக்கும் 'லீனியர் ரெயில்', அதாவது தண்டவாளம்.

குண்டுகள் செய்யும் வேலை

கனமான மரத்தைத் தரையில் இழுத்தால் மூச்சு வாங்கும். அடியில் உருளைக் கட்டைகளை வைத்தால் எளிதாக நகரும். பால் ஸ்குரூவின் சூட்சுமமும் இதுதான். திருகுக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. சாதாரணத் திருகில் மோட்டாரின் பத்துப் பங்கு உழைப்பில் மூன்று நான்கு பங்குதான் பயன்படும். இதிலோ ஒன்பது பங்கு பயன்படும்.

இன்னொரு நன்மை, நட்டில் ஆட்டம் குறைவு. ஆட்டம் இருந்தால், திசை திரும்பும் இடத்தில் திருகு சற்று வீணாகச் சுற்றும். வட்டம் வெட்டச் சொன்னால் நான்கு இடங்களில் படி விழுந்திருக்கும்!

எந்தத் திருகு?

வீட்டு இயந்திரங்களில் பெரிதும் புழங்குவது 16 மில்லிமீட்டர் கனமுள்ள திருகு. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும். ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரிக்கும் ஸ்டெப்பர் மோட்டாரைப் பூட்டினால், ஒரு படிக்கு 0.025 மில்லிமீட்டர் ஆகிறது.

திருகில் தரம் உண்டு. சி7 என்றால் 300 மில்லிமீட்டர் நீளத்தில் பிழை 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஏறத்தாழ ஒரு தலைமயிரின் கனம்! சி5 என்றால் 0.018 தான். ஆனால் விலை ஏறிவிடும். மரமும் அலுமினியமும் செதுக்க சி7 போதும்.

நீளத்திலும் கவனம் வேண்டும். நீண்ட மெல்லிய திருகு வேகமாகச் சுற்றினால் கயிறு போல் அதிரும். நீளம் இரட்டித்தால், சுற்றக்கூடிய வேகம் கால் பங்காகக் குறையும். ஆகவே நீளம் கூடினால் கனமும் கூட வேண்டும்.

எந்தத் தண்டவாளம்?

உருண்டைத் தண்டு விலை குறைவு. சிறு கோணலையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். லேசான மர வேலைக்கு ஏற்றது. சதுர வடிவ ரெயில் உறுதியானது. உலோகம் வெட்ட அதுவே நல்லது. ஆனால் அதை வைக்கும் இடம் சமமாக இருக்க வேண்டும். மேடு பள்ளத்தில் இறுக்கினால் ரெயிலும் அதற்கேற்ப வளையும். வண்டி ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும்.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். விலையுயர்ந்த ரெயிலை வாங்கி, கோணலான இரும்புச் சட்டத்தில் பூட்டுகிறார்கள். அந்த ரெயிலால் என்ன பயன்? முதலில் சட்டத்துக்குச் செலவிடுங்கள். கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ரெயில் உட்காரும் பரப்பை மில்லிங் செய்து வாங்குங்கள். பிறகு ஒரு ரெயிலை நேராக இறுக்குங்கள். அதன் வண்டியில் டயல் கேஜை வைத்து, அதைக் கொண்டே இரண்டாவது ரெயிலை இணையாக அமையுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கையால் தள்ளிப் பாருங்கள். எங்கும் இறுகாமல் ஓடினால்தான் திருகைப் பூட்டலாம்.

கையைக் காத்துக்கொள்ளுங்கள்!

பால் ஸ்குரூ எளிதாக உருளும் என்றோம் அல்லவா? ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மின்சாரம் நின்றால், மேலும் கீழும் இயங்கும் பகுதி தன் பாரத்தாலேயே இறங்கிவிடக்கூடும். கீழே கை இருந்தால்? ஆகவே அந்தப் பகுதிக்குப் பிரேக் உள்ள மோட்டாரோ, எதிர்ப் பாரமோ அவசியம்.

நட்டைத் திருகிலிருந்து வெறுமனே கழற்றாதீர்கள். குண்டுகள் கொட்டிப் போகும். மரத்தூள் புகாமல் மூடி வையுங்கள். கிரீஸ் போட மறக்காதீர்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து மூன்றே கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எதை வெட்டப் போகிறோம்? எவ்வளவு நீளம் நகர வேண்டும்? எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்? இந்த விடைகளைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேளுங்கள். குடும்பத்தின் பணமும் மிஞ்சும், பிள்ளையின் ஆசையும் நிறைவேறும்.