எல்லோரும் ஒப்படைக்க வேண்டுமா? தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகள்

தேர்தல் தேதி அறிவித்த கையோடு, உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் செய்திக்குறிப்பும் வந்துவிடுகிறது. கெடு நெருங்குகிறது. மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி பக்கமிருந்து வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே கேள்விதான்: “என் மேல் ஒரு வழக்கும் கிடையாது. நானும் கொடுத்தாக வேண்டுமா?”

செய்திக்குறிப்பைப் படித்தால், ஆம். தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலைப் படித்தால், அப்படி இல்லை.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில், தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பிரிவும் இல்லை. ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் தடையாணை வழியாக வருகிறது. நேற்றுவரை 144 என்று நாம் அறிந்திருந்த அந்தத் தடையாணை, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவில் இருக்கிறது. எல்லோரிடமும் மொத்தமாக வாங்குவது சரியல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதை ஒட்டி, தேர்தல் ஆணையம் 2009 செப்டம்பரில் ஒரு வழிமுறை வகுத்தது. அதன்படி மாவட்டந்தோறும் ஒரு பரிசீலனைக் குழு அமைய வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அதில் இருப்பார்கள். ஆணையரகப் பகுதியென்றால் காவல் ஆணையர். உரிமதாரர்களின் விவரங்களைத் தனித்தனியாக அவர்கள் பார்க்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் காலக் கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் என்று சில வகையினரை ஆணையமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. யாரிடம் வாங்க வேண்டும் என்று குழு முடிவெடுக்கிறதோ, அவருக்குத் தனியாக நோட்டீஸ் போக வேண்டும்.

நல்ல ஏற்பாடு. ஆளைப் பார்த்து, காரணத்தைப் பார்த்து, பிறகு கேட்கச் சொல்கிறது. நடப்பதோ தலைகீழ். குழு கூடி யாரையும் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே, “உரிமதாரர்கள் அனைவரும் ஒப்படைக்க வேண்டும், விலக்கு வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம்” என்று பொது அறிவிப்பு முந்திக்கொள்கிறது. காரணம் காட்ட வேண்டியது அரசின் வேலையாக இருந்தது, கெஞ்ச வேண்டியது குடிமகனின் வேலையாக மாறிவிட்டது. தன் விவரம் பரிசீலிக்கப்பட்டதா என்று உரிமதாரருக்குத் தெரிய வழியில்லை. போதாக்குறைக்கு, ஆணையிடுபவரும் அந்த ஆணை தேவையா என்று பரிசீலிப்பவரும் ஒரே அதிகாரிகள். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் இந்தப் பொது அறிவிப்பு முறையைத்தான் கண்டித்தது: பொத்தாம்பொதுவாக எல்லோரிடமும் வாங்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் காரணம் வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆணையத்தின் அதே வழிகாட்டுதல்தான் இங்கும் நடைமுறையில் இருக்கிறது.

சில நாள் சிரமம்தானே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். மார்ச் 16 அன்று அறிவிப்பு. ஏப்ரல் 19 அன்றே தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் வாக்குப்பதிவு முடிந்தது. எண்ணிக்கை நடந்தது ஜூன் 4இல். முடிவு வெளியாகி ஒரு வாரம் கழிந்த பிறகே துப்பாக்கியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அறிவிப்பன்றே ஒப்படைத்தவருக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம். அதில் 46 நாள், இங்கே வாக்குப்பதிவு முடிந்து, மற்ற மாநிலங்களில் தேர்தல் முடிந்து எண்ணிக்கை வரக் காத்திருந்த காலம்.

அந்த ஆண்டு ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அவருடைய துப்பாக்கி எங்கே இருந்தது என்ற கேள்வி எழுந்தது. தேர்தலுக்காக ஒப்படைத்தது ஜூன் 13 அன்றே திருப்பித் தரப்பட்டுவிட்டது என்று காவல்துறை விளக்கம் தந்தது. துப்பாக்கி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உயிருக்கு அச்சுறுத்தல் இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டு உரிமம் கொடுத்த ஒருவரையும், அலமாரியில் பழைய டபுள் பேரலைப் பூட்டி வைத்திருக்கும் ஒருவரையும் ஒரே வரியில் நிறுத்துவது பரிசீலனை ஆகாது.

ஒப்படைப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாங்காட்டிலிருந்து போரூர் தாண்டினால் ராமாபுரம். 1967 ஜனவரி 12 அன்று, தேர்தல் பிரசாரம் சூடுபிடித்திருந்த நேரத்தில், அங்கிருக்கும் ராமாவரம் தோட்டத்தில்தான் எம்.ஜி.ஆர். மீது எம்.ஆர். ராதா சுட்டார். கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆரின் படம் ஊரெங்கும் சுவரொட்டியானது. பரங்கிமலையில் அவர் வென்றார். தேர்தல் சூட்டில் ஒரு துப்பாக்கி என்ன செய்யும் என்பதை இந்தப் புறநகர் கண்ணால் பார்த்திருக்கிறது. அதனால்தான் யாரிடம் வாங்குவது என்ற முடிவை யோசித்து எடுக்க வேண்டும் என்கிறோம். எல்லோரிடமும் வாங்கிவிட்டோம் என்று கணக்குக் காட்டுவது எளிது. கள்ளத் துப்பாக்கியைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். 2023இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கவலைப்பட்டதும் உரிமமில்லாத ஆயுதங்களைப் பற்றித்தான்.

ஆவடியைச் சுற்றிக் குடியிருக்கும் முன்னாள் படைவீரர்களில் பலர் கன்மேன் வேலை பார்க்கிறார்கள். துப்பாக்கி இல்லையென்றால் அவர்களுக்கு டூட்டி இல்லை. வங்கிக் காவலருக்கும், தேசிய ரைபிள் சங்க உறுப்பினராகப் போட்டிகளில் சுடுபவருக்கும் வழக்கமாக விலக்கு உண்டு. நகைக்கடையிலும் கிடங்கிலும் நிற்பவர் வேலை தருபவரின் கடிதத்துடன் இப்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

மற்றக் கேள்விகள்:

மாங்காட்டுக்காரர் எங்கே கொடுப்பது? வருவாய்க் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றாலும் காவல் எல்லை ஆவடி ஆணையரகம். மாங்காடு காவல் நிலையத்தில் கொடுத்தால் போதும்.

கொடுக்க மறுத்தால்? தடையாணையை மீறியதாக வழக்கு வரலாம், உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ ஆயுதச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் கொடுத்துவிட்டு எதிர்த்து மனு செய்வதே பாதுகாப்பு.

உரிமம் அந்த இடைவெளியில் காலாவதியானால்? துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தாலும் தேதி ஓடும், புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

தாத்தா காலத்துத் துப்பாக்கியோடு மூன்று ஆகிறதே? 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான்.

வீட்டிலிருக்கும் ஏர்கன்? .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாதது என்றால் உரிமம் தேவையில்லை.

துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையா? அமெரிக்காவில் அரசியல் சட்டமே தருகிறது, இங்கே இல்லை.

ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, துப்பாக்கி இருக்கும் நிலை மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். உங்கள் விவரத்தைப் பரிசீலனைக் குழு எந்தத் தேதியில் பார்த்தது, என்ன காரணத்தால் வாங்க முடிவு செய்தது என்று எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள்.