ஆட்டுக்கறியா? பனீரா? பூமிக்கு எது பாரம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபர்கைரனேயில் இரண்டு வரிசைகளைப் பார்க்கலாம். ஒன்று கறிக்கடை முன்னால். இன்னொன்று பால் கடை முன்னால்.

வாஷி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், தானே - பேலாப்பூர் சாலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்தவர், வி.டி.யில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர் என்று எல்லோரும் கையில் பையோடு நிற்கிறார்கள். ஆறு நாள் டப்பாச் சாப்பாடு தின்ற நாக்குக்கு அன்று ஒருநாள்தான் விடுதலை!

அந்தக் கறிக்கடை வரிசை மீது இப்போது புதிதாக ஒரு பழி விழுந்திருக்கிறது. "நீங்கள் கறி தின்பதால்தான் பூமி சூடாகிறது" என்பதே அது.

மும்பையில் வாடகை வீடு தேடி அலைந்த தமிழருக்கு "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்ற கேள்வி புதிதல்ல. முன்பெல்லாம் அதற்கு வாடையைக் காரணம் சொன்னார்கள். இப்போது சுற்றுச்சூழல் என்ற பெரிய வார்த்தையும் சேர்ந்துகொண்டது. வாடை விஷயத்தில் வாதாடிப் பயனில்லை. அது அவரவர் மூக்கைப் பொறுத்தது. சுற்றுச்சூழல் அப்படி அல்ல. அதற்குக் கணக்கு இருக்கிறது. பார்த்துவிடலாமே!

ஏப்பம் செய்யும் வேலை

ஆடு, மாடு, எருமை மூன்றும் அசைபோடும் பிராணிகள். நம்மால் செரிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் அவை செரித்துவிடும். அவற்றின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அப்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகி, ஏப்பமாக வெளியே வருகிறது. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் இது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன்.

உலகில் மனிதனால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் நூற்றுக்கு 14.5 பங்கு கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் 2013-ல் கணக்கிட்டது. ஆகவே பழியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் யார் தலையில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பூர், நெமெசெக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி 2018-ல் வெளியிட்டார்கள். உலக சராசரி இது: இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டின் கறி ஒரு கிலோவுக்கு 60 கிலோவுக்குக் குறையாமல் கரியமில வாயுக் கணக்கு ஏறுகிறது. செம்மறியாட்டுக் கறிக்கு 24 கிலோவுக்குக் குறையாது. கோழிக்கறிக்கு 6 முதல் 10 வரை. முட்டைக்கு நாலரை. அரிசிக்கும் கிட்டத்தட்ட நாலு! வயலில் தண்ணீர் தேங்கி நிற்பதால் நெல்லிலிருந்தும் மீத்தேன் கிளம்புகிறது. பருப்பு, பட்டாணி வகைகள்தான் உத்தமம். அவற்றுக்கு இரண்டு கிலோகூட இல்லை.

பருப்புச் சாம்பார் ஜெயித்துவிட்டது, சந்தேகமே இல்லை.

பால் சைவம்தான், ஆனால்...

ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று கிலோ ஏறுகிறது. பனீர் ஒரு கிலோ வேண்டுமானால் குறைந்தது ஐந்து லிட்டர் பாலாவது திரிக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள். பதினைந்து! கோழிக்கறியை எங்கோ பின்னால் விட்டுவிட்டு, ஆட்டுக்கறியை எட்டிப்பிடிக்கப் பனீர் ஓடுகிறது. பால் கறப்பதும் அசைபோடும் பிராணிதானே? ஏப்பம் விடாமல் எருமை பால் கறக்குமா?

வாரம் நாலு நாள் பட்டர் பனீர் சாப்பிடும் வீடு, மாதம் ஒருமுறை அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கும் வீட்டைப் பார்த்துப் பூமியின் பெயரால் மூக்கைப் பொத்துவது நியாயம் ஆகாது.

எருமையின் கதை இதோடு முடியவில்லை. நகரத்துக்குள் கட்டியிருந்த எருமைகளை வெளியேற்றத்தான் 1949-ல் ஆரே பால் காலனி உண்டாயிற்று. மித்தி ஆற்றைக் கெடுக்கும் கழிவுகளில் தபேலாச் சாணமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பசுவதை 1976 சட்டத்திலேயே தடை. காளைக்கும் எருதுக்கும் 2015-ல் தடை வந்தது. எருமைக்குத் தடை இல்லை. பால் வற்றிய எருமையும், பாலுக்கு உதவாத கடாக்கன்றும் பெரும்பாலும் போகும் இடம் இறைச்சிக்கூடம்தான். எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்கிறது. இத்தனை எருமை எங்கிருந்து வந்தது? எல்லோரும் குடிக்கும் பாலிலிருந்து வந்தது.

வாஷி கடற்கழியின் இந்தக் கரையில் நம் கோபர்கைரனே. அந்தக் கரையில் செம்பூர்ப் பக்கம் தேவ்னார். அங்கே மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் 1971 முதல் நடக்கிறது. பக்ரீத் சமயத்தில் ராஜஸ்தான் வரையிலிருந்து ஆடுகள் லாரி லாரியாக வந்து இறங்கும். இந்த ஆடுகள் காடழித்துப் போட்ட மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்தவை அல்ல. முள்ளும் தழையும் தின்று, நிலமில்லாத ஏழைகள் வீட்டில் வளர்ந்தவை. ஏப்பம் உண்டு, காடழித்த பாவம் கிடையாது. பிரேசிலில் அமேசான் காட்டை வெட்டி மாடு மேய்ப்பதையும் இதையும் ஒரே தராசில் போட முடியாது.

நாமக்கல்லுக்குப் போகும் சரக்கு ரயில்

கோழிக்கு ஏப்பக் கணக்கு இல்லை. அதனால் கோழி சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் கணக்கு தீவனத்தில் இருக்கிறது. முட்டைக்கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். மக்காச்சோளமும் சோயாவும்தான் அதில் பெரும்பகுதி. நாமக்கல் பண்ணைகளின் பசிக்கு உள்ளூர்ச் சோளம் போதாமல், பீகாரின் பூர்ணியா, கட்டிஹார் பக்கத்திலிருந்து வேகன் வேகனாக மக்காச்சோளம் தெற்கே போகிறது. நாட்டின் ஒரு மூலையில் விளைந்தது மறுமூலையில் முட்டையாகிறது! சோளத்துக்குப் போட்ட உரம், இறைத்த தண்ணீர், ரயில் இழுத்த செலவு எல்லாம் முட்டை கணக்கில்தான் சேரும். சேர்த்த பிறகும் நாலரைதான் என்பது ஆச்சரியம்.

மீனுக்கு வந்தால், சாளையும் அயிலையும் இலேசு. டீசலைக் குடித்து நாள்கணக்கில் அடிக்கடலை அரிக்கும் டிராலர் வலையில் வந்த மீன் இலேசு அல்ல. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மகாராஷ்டிரக் கடலில் விசைப்படகுக்குத் தடை. அந்த நாளில் விலை குறைவாக முட்டைமீன் கிடைத்தால் வாங்காமலிருப்பது நல்லது.

கண்ணில் படாத குப்பை

சைவமோ அசைவமோ, வீணானால் இரண்டும் ஒன்றுதான். வாஷி காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலை வியாபாரம் முடிந்தபின் போய்ப் பாருங்கள். கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் மலையாகக் குவிந்திருக்கும். குப்பைமேட்டில் காற்றுப் படாமல் புதைந்து அழுகும் காய்கறியும் மீத்தேன்தான் விடும். 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பைமேடு தீப்பற்றி எரிந்தபோது அந்தப் புகை விண்வெளியிலிருந்து எடுத்த படத்திலேயே தெரிந்தது. செம்பூர், கோவண்டி, சீத்தா கேம்ப் தமிழர்களுக்கு அந்த நாட்களை நினைவூட்டத் தேவையில்லை. கோபர்கைரனேயில் குழந்தைகள் ஓடி விளையாடும் நிசர்க் உத்யான் பூங்காவுக்கு அடியில் கிடப்பதும் ஒரு பழைய குப்பைமேடுதான்.

கறிக்கடைக்காரர்களில் சிலரும் யோசிக்க வேண்டும். இறகையும் குடலையும் ராத்திரி மூட்டை கட்டிச் சாக்கடையில் தள்ளினால், அது கடற்கழிக்குத்தான் போகும். ஃபிளமிங்கோ பறவைகளுக்காக 2015-ல் சரணாலயம் ஆனதும், 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறியதும் அதே கடற்கழிதான்.

யார் எவ்வளவு தின்கிறார்கள்?

அமெரிக்கர் ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக நூறு கிலோவுக்கு மேல் இறைச்சி தின்கிறார். இந்தியரின் சராசரி பத்துக் கிலோவைக்கூடத் தொடவில்லை. பூமியைக் குளிர்விக்க யார் தட்டில் முதலில் கை வைக்க வேண்டும் என்று சொல்லவா வேண்டும்?

ஆனால் கை வைத்தது வேறு தட்டில். நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நுழைந்தது. 2010-ல் வாரம் ஐந்து ஆயிற்று. மகாராஷ்டிரப் பள்ளிகளில் 2023 நவம்பரில்தான் வாரம் ஒரு முட்டை தொடங்கினார்கள். முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். இதில் சைவம், அசைவம் இரண்டு வீட்டாருக்கும் குறை இல்லை.

ஒரு முட்டை பூமி மீது ஏற்றும் பாரம் கால் கிலோ. ஒரு டம்ளர் பால் ஏற்றுவது அரைக் கிலோவுக்கு மேல். பால் கொடுத்திருந்தாலும் இதைவிட அதிகம்தான் ஆகியிருக்கும்.

2025 ஜனவரியில் முட்டைக்குப் பணம் ஒதுக்குவதை அரசு நிறுத்தியது. வேண்டுமானால் பள்ளிகள் ஊராரிடம் நன்கொடை திரட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றது. முட்டைப் பணத்தோடு வாழைப்பழப் பணமும் நின்றது.