ஊர் பார்க்கப் போவோம் – 7: பழுது பார்த்தவர்கள்

திருமயம் கோட்டையைச் சென்ற வாரம் பார்த்தாயிற்று. இந்த வாரம் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல், பிற்பகலில் நார்த்தாமலை. ஒரு நாளுக்கு இந்த இரண்டு ஊர் போதும். மூன்றாவதையும் சேர்த்தால் எதையும் நின்று பார்க்க முடியாது.

சித்தன்னவாசலில் முதலில் ஏழடிப்பட்டம். பாறை சுடுவதற்குள் ஏறிவிடுங்கள். அங்கே சமண முனிவர்களின் கல்படுக்கைகள் இருக்கின்றன. வழவழவென்று இழைத்து, தலை வைக்கும் இடத்தை மட்டும் சற்று மேடாக விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமி நாட்டில் பிறந்த ஒரு துறவிக்கு இளையர் செய்து கொடுத்தது என்கிறது அது. ஏறத்தாழ 2,000 ஆண்டுக்கு முந்தைய கொடை!

இறங்கி வந்தால் அறிவர் கோயில் குடைவரை. உள்ளே போனதும் விதானத்தில் மங்கலான பச்சைத் திட்டுகள்தான் தெரியும். பலரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். கண் அந்த மங்கலுக்குப் பழகும்வரை நில்லுங்கள். பச்சை தாமரை இலையாகும். இலைகளுக்கு நடுவே மீன், அப்புறம் எருமை, யானை, குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்கள். கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, அந்த இலைகளைக் கவனியுங்கள். ஒன்று மடங்கியிருக்கிறது, ஒன்று விரிந்திருக்கிறது. குளத்தங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் இப்படி வரைய வரும்.

வெளியே பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தான் என்று அது சொல்கிறது. அந்த முகமண்டபம் பிற்பாடு விழுந்துபோனது. இன்று முன்னால் நிற்பது, குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து சமஸ்தான காலத்தில் கட்டியது.

நார்த்தாமலைக்குத் திருச்சி சாலையில் போக வேண்டும். மேலமலைச் சரிவில் மேற்கு பார்த்து நிற்கிறது விஜயாலய சோழீச்சரம். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். பெயரில் சோழன் இருந்தாலும், கட்டியவன் முத்தரையர் தலைவன் சாத்தன் பூதி. அந்தக் கற்றளி மழையில் இடிந்தபோது மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுக்கினான். இரண்டு செய்தியும் அங்கே ஒரே கல்வெட்டில் இருக்கின்றன. செப்பனிட்டவன் கட்டியவன் பெயரை மறைக்கவில்லை, தன் பெயரை அதற்குப் பின்னால்தான் வெட்டியிருக்கிறான். பெரிய மனசு அது. அரசர் பெயர்களை மனப்பாடம் செய்கிற நாம் மல்லன் விடுமனையும் இளங்கௌதமனையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கை வைக்காமல் விட்டிருந்தால் இந்த இரண்டு இடங்களிலும் நமக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

கோயிலுக்கு எதிரே உள்ள குடைவரையையும் விட்டுவிடாதீர்கள். சமணர் குடகு என்று பெயர், உள்ளே வரிசையாக 12 திருமால் சிற்பங்கள்!

அடுத்த வாரம், அந்தத் தூண்களின் சொந்த ஊரான குடுமியான்மலை. பாறையில் சுரங்களை வெட்டிவைத்த இசைக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது.