255, 215, 0 என்பது தங்கம் இல்லை

இன்னைக்கு தங்கம் பற்றிப் பேசப்போறோம். கிராம் ரேட் இல்லை, பயப்படாதீங்க. உருவமே இல்லாத, தியானம் மாதிரி அமைதியான அரூப ஓவியங்கள்ல தங்கமும் ஒளியும் என்ன வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

வெப் பேஜ் எழுதினவங்களுக்குத் தெரியும்: சிஎஸ்எஸ்ல ‘கோல்டு’ன்னு ஒரு நிறம் இருக்கு. சிவப்பு 255, பச்சை 215, நீலம் 0. ஸ்கிரீன்ல போட்டுப் பார்த்தா மாம்பழ மஞ்சள்தான் வரும். ஏன்னா தங்கம்ங்கிறது வெறும் நிறம் இல்லை. சாதாரண பெயின்ட் மேல விழுற வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். எங்கே நின்னு பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே நிறம். தங்கத் தகடு கண்ணாடி மாதிரி ஒளியை ஒரு திசையில திருப்பி அனுப்பும். நீலத்தை விழுங்கிட்டு மஞ்சளையும் சிவப்பையும் அனுப்பும். நீங்க ரெண்டடி நகர்ந்தா, இப்போ எரிஞ்ச இடம் பழுப்பா அணைஞ்சு போகும், வேற இடம் எரியும். அதனாலதான் 3டி கிராஃபிக்ஸ்ல உலோகத்துக்கு நிறத்தோட கூடவே தனியா ஒரு அளவும் கொடுக்கிறோம். போன்ல பார்க்கிற தங்க ஓவியத்துல இந்த நகர்வு மொத்தமும் காணாமப் போயிடுது.

மன்னார்புரத்துல உட்கார்ந்து இதைப் பேசுறேன். உதாரணத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். ஸ்ரீரங்கம் பெரிய கோயில் கருவறை விமானம் இருக்கே. 13ஆம் நூற்றாண்டுல முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் இந்தக் கோயிலுக்குப் பொன் வேய்ந்து, ‘கோயில் பொன்மேய்ந்த பெருமாள்’னு பட்டமே வாங்கினான். காலை வெயில்ல பார்க்கிற விமானமும் சாயங்காலம் பார்க்கிற விமானமும் ஒண்ணா இருக்காது. தஞ்சாவூர் ஓவியத்துலயும் இதே சூட்சுமம்தான். சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி, அதுமேல தங்கத்தாள் ஒட்டுறாங்க. ஒவ்வொரு மேடும் வெவ்வேறு கோணம். விளக்குச் சுடர் ஆடினா நகையும் ஆடும்.

சரி, அங்கே சாமி இருக்கு. சாமி, உருவம் எல்லாத்தையும் எடுத்துட்டா என்ன மிஞ்சும்?

அதைச் செஞ்சு பார்த்தவங்கள்ல ஒருத்தர் ஆக்னஸ் மார்ட்டின். வழக்கமா வெளிறின கான்வாஸ்ல பென்சில் கோடு போடுறவர். 1963ல ‘ஃப்ரெண்ட்ஷிப்’னு ஒரு படம்: ஆறேகால் அடிச் சதுரம், முழுக்கத் தங்கத்தாள், அதுல கீறின கட்டங்கள். இப்போ நியூயார்க் மோமா மியூசியத்துல இருக்கு. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தங்கத்தாளோட தடிமன் சுமார் 0.1 மைக்ரான்னு வச்சா, ஒரு அடுக்குக்கு 7 கிராம் வரும். ஒரு பவுன்கூட இல்லை! (செய்கூலி, சேதாரம் தனி.) ஆக, அந்தப் படத்துல தங்கம் செல்வம் காட்ட வரலை. அறையில இருக்கிற வெளிச்சத்தைப் படத்துக்குள்ள இழுத்துட்டு வர வந்திருக்கு. கீறின கோடுகள் கையால போட்டவை, அதனால வெளிச்சம் ஒவ்வொரு கட்டத்துலயும் கொஞ்சம் தடுக்கி விழுது. பார்க்கிறவர் மெதுவாகத்தான் ஆகணும்.

தங்கமே இல்லாம இதைச் செய்ய முடியுமா? நம்ம ஜில்லாக்காரர் ஒருத்தர் செஞ்சார். கே.எம். ஆதிமூலம், 1938ல துறையூர் பக்கத்துக் கிராமத்துல பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில படிச்சவர். பலருக்கு அவரைக் கறுப்புக் கோடுகளாத்தான் தெரியும்: நூற்றாண்டை ஒட்டி வரைஞ்ச காந்தி, கி. ராஜநாராயணனோட கரிசல் எழுத்துக்குப் போட்ட கோட்டோவியம். கோட்டுல அவ்வளவு பேர் வாங்கினவர், அதோட நிக்காம எண்ணெய் வண்ண அரூபத்துக்கும் போனார். எனக்கு இது பெரிய துணிச்சலாத் தெரியுது. கைக்கு வந்த மொழியைத் தாண்டி யார் போவா?

அந்தப் படங்கள்ல வண்ணத்தைக் கத்தியால தடிமனா அப்பியிருப்பார். மஞ்சள் பெயின்ட் தானா ஒளிராது. பக்கத்துல ஆழமான நீலமோ பழுப்போ இருந்தா நம்ம கண்ணு அதை ஒளியா எடுத்துக்குது. அதோட, கத்தி விட்டுப்போன மேடுகள் நிழல் போடும், நகர்ந்தா நிழலும் நகரும். தஞ்சாவூர்ப் படத்தோட அதே மேடு, தங்கம் மட்டும் இல்லை. 2008ல அவர் இறந்தார்.

இப்போ ஹோட்டல் லாபிகள்ல தங்க ஃபாயில் ஒட்டின ‘மெடிட்டேட்டிவ்’ படங்கள் நிறைய. எனக்குப் பெரும்பாலும் பிடிக்கலை. பளபளப்பைச் சுத்தி இருட்டே வைக்கிறது இல்லை, அதனால ஒளி எங்கேயும் தங்குறதில்லை. விதிவிலக்கு இருக்கலாம், ரெண்டடி நகர்ந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

சென்னைப் பக்கம் போனா, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துல மெட்ராஸ் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் இருக்கு. ஆதிமூலம் தலைமுறையோட வேலை அங்கே. போனைப் பையில வச்சுட்டு, ஒரு படத்துக்கு அஞ்சு நிமிஷம் கொடுங்க. அடுத்த வாரம் பேசலாம்.