கிடாருக்குக் கறுப்புச் சாயம்: துடைத்த துணி தீப்பிடிக்கும், உஷார்!

சாதா கிடாரை உசத்தி கிடார் போலக் காட்ட ஒரு வழி இருக்கிறது. அதன் கழுத்துப் பலகைக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுவதுதான் அது!

இடது கை விரல்கள் கம்பியை அழுத்தும் பலகை இது. ‘பிரெட் போர்டு’ என்று பெயர். விலை உயர்ந்த கிடார்கள் பலவற்றில் இது கருங்காலியாக இருக்கும். மலிவானவற்றில் வெளுத்த மரம். அது பிடிக்காமல் சிலர் வீட்டிலேயே சாயம் போட உட்கார்ந்து விடுகிறார்கள்.

எப்படிப் போடுகிறார்கள்?

கம்பிகளைக் கழற்றி, பிசுக்கைத் துடைத்து, பக்கங்களில் டேப் ஒட்டுகிறார்கள். தோலுக்குப் போடும் ஸ்பிரிட் சாயத்தைத் துணியில் தொட்டுத் தேய்க்கிறார்கள். வார்னிஷ் போட்ட பலகையில் சாயம் ஏறாது.

ஒரு ராத்திரி காய்ந்த பிறகு, துணியில் கறுப்பு ஒட்டாத வரை துடைக்க வேண்டும். அரைகுறையாக விட்டால் வாசிக்கிறவர் விரல் கறுத்துவிடும்!

இரும்பு நாரை வினிகரில் ஊறப்போட்டுப் பூசுவதும் உண்டு. மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்ததும் கறுத்துப் போகும். கலம்காரித் துணிக்குக் கடுக்காயும் இரும்பும் கறுப்பு கொடுக்கிற அதே சங்கதிதான். துவர்ப்பு குறைந்த மரம் என்றால் முதலில் கெட்டியான தேயிலைத் தண்ணீர் பூசுவார்கள்.

ஆபத்து எங்கே?

கடைசியில் பலகைக்கு எண்ணெய் பூசி ‘சீல்’ செய்கிறார்கள். பலர் எடுப்பது ஆளி விதை எண்ணெய். பெயிண்டர்கள் சொல்லும் லின்சீட் ஆயில். இது காற்று பட்டு இறுகும்போது சூடு கிளம்பும். பலகையில் மெல்லிசாக இருப்பதால் சூடு வெளியே போய்விடும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால்? சூடு உள்ளேயே அடைபட்டு, சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். தீக்குச்சியே வேண்டாம்!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1991 பிப்ரவரி 23 ராத்திரி, ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டிடத்தின் 22-வது மாடியில் தீப்பிடித்தது. மரப் பலகைகளுக்கு மெருகு போட்ட வேலையாட்கள் விட்டுப்போன லின்சீட் துணிகள்தான் காரணம். தீயணைப்பு வீரர்கள் 3 பேர் பலியானார்கள். 30-வது மாடியில் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள்தான் தீயைத் தடுத்து நிறுத்தின.

என்ன செய்ய வேண்டும்?

துணியை உடனே தண்ணீரில் முக்கி, மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். இல்லையென்றால் வெட்டவெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். நன்றாக விறைத்த பிறகே குப்பைக்குப் போகலாம்.

மினரல் ஆயில் பூசினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது இறுகாது. அவ்வப்போது மறுபடி பூச வேண்டும்.

கிடார் கறுக்கட்டும். வீடு கரியாக வேண்டாம்!