அல்லாதார் மருத்துவம்

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் ஒரு பிரிவு டாக்டர்களுக்கு நெடுங்காலம் வழங்கிவந்த பொதுப்பெயர் ‘கன்சல்டன்ட் அல்லாத நிலைப்பணியினர்’. தமிழ் படித்தவனுக்கு இந்த ‘அல்லாத’ உறுத்தத்தான் செய்யும். 1916இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வந்தபோது அந்த எதிர்மறையைத் தாங்களே கையிலெடுத்து அரசியலாக்கினார்கள். இங்கே அது மேலிருந்து சூட்டப்பட்டது. என்ன செய்கிறார் என்று சொல்லாமல், என்னவாக ஆகவில்லை என்று சொல்கிற பெயர்.

1948இல் அமைந்த சேவையின் உச்சியில் கன்சல்டன்ட். கீழே, அந்த இடத்துக்கு ஏறிக்கொண்டிருப்பதாகக் கருதப்பட்ட பயிற்சி டாக்டர்கள். ஏணியில் இடம் கிடைக்காதவர்களுக்கு மெடிக்கல் அசிஸ்டன்ட், அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட், ஸ்டாஃப் கிரேடு என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. 2008 முதல் ஸ்பெஷாலிட்டி டாக்டர். இதில் கணிசமானோர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போனவர்கள் என்பது தற்செயலா என்ன? முதியோர் மருத்துவம், மனநலம் என்று உள்ளூர்க்காரர்கள் விரும்பாத துறைகளைத் தாங்கியதிலும் அவர்களுக்குப் பெரும்பங்கு.

நண்பர் ஒருவர் அங்கே மயக்க மருந்துத் துறையில் பதினைந்து வருஷமாக இருக்கிறார். ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: “இன்னும் கன்சல்டன்ட் ஆகலியா தம்பி?” போன தடவை நானும் கேட்டுத் தொலைத்தேன். அவர் கோபப்படவில்லை. “பயிற்சியில இருந்தா ஆஸ்பத்திரி மாத்திக்கிட்டே இருக்கணும். நான் ஒரே இடத்துல இருந்தேன். பிள்ளைங்க ஒரே ஸ்கூல்ல படிச்சாங்க. தியேட்டர்ல இருக்கிற நர்சுங்களுக்கு என் கை தெரியும்.”

இதை வெறும் மனத்திருப்தியாக வாசித்தால் ஏமாந்துபோவோம். அவர் பிழைத்தது வேலைத்திட்டம் என்கிற காகிதத்தால். முழுநேரப் பணி வாரத்துக்கு 10 அலகு, அலகுக்கு 4 மணி நேரம். அதில் குறைந்தது ஓர் அலகு படிப்பு, கற்பித்தல், தணிக்கைக்கு. நோயாளிக் கூட்டத்தைக் காட்டி முதலில் அபகரிக்கப்படுவது இந்த நான்கு மணி நேரம்தான். அதை விட்டுக்கொடுத்தவர்கள் அப்படியே தேங்கிப்போனார்கள் என்கிறார் நண்பர். ஆண்டுதோறும் உட்கார்ந்து பேசி எழுத்தில் வாங்கவேண்டும். இன்னொன்று, பெயர். இவர் தனியாகச் செய்த வேலையும் ஏதோ ஒரு கன்சல்டன்ட் கணக்கில் பதிவாகும். உழைப்பு இங்கே, கையெழுத்து அங்கே. தன் பெயரில் பதியச்சொல்லிக் கேட்க அவருக்கு ஆறு வருஷம் பிடித்தது.

2021இல் ஸ்பெஷலிஸ்ட் என்ற மேல்நிலை வந்தது. 12 ஆண்டு மருத்துவப்பணி, அதில் 6 ஆண்டு அதே துறையில் இந்த நிலைகளிலோ இவற்றுக்கு இணையான பணியிலோ இருந்திருக்க வேண்டும். தகுதி இருந்தால் தானாகக் கிடைத்துவிடாது. மருத்துவமனை அந்தப் பதவியை உருவாக்கவேண்டும். பயிற்சிக்குள் போகாமலே நிபுணர் பதிவேட்டில் ஏறும் வழியும் உண்டு. 2023இல் அதைத் திருத்தி போர்ட்ஃபோலியோ வழி என்றார்கள். செய்த ஒவ்வொன்றுக்கும் சான்று சேர்க்கவேண்டும்.

நண்பர் சேர்த்துக்கொண்டிருக்கிறார், அந்த நான்கு மணி நேரத்தில். “கன்சல்டன்ட் ஆறதுக்கா?” என்றேன். “ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். நான் செஞ்சதெல்லாம் ஒரு இடத்துல எழுதியிருக்கணும்ல?”