பனிமூட்டம் என்றால், எந்த ஊரில், எத்தனை மணிக்கு?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் விமான நிலையம் இல்லை. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் திருச்சிக்கோ சென்னைக்கோதான் ஓட வேண்டும். மார்கழி விடியலில் பாடாலூரைத் தாண்டும்போது முன்னால் போகிற லாரி தெரியாது. திருச்சியில் வெயில் அடிக்கும். ஆனால் கவுன்டரில் "பனிமூட்டம், விமானம் தாமதம்" என்பார்கள். பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் விமானம் கிளம்பி வர வேண்டிய ஊரில் பனி இருக்கலாம். 2018 ஜனவரி 13, போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னையை மூடியபோது பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

ஓடுபாதையில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை அளக்க, அதன் ஓரத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கருவி வைப்பார்கள். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய 'திருஷ்டி' அப்படிப்பட்டது. ஒரு முனையிலிருந்து வரும் ஒளி, மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும். கண்ணாடியில் தூசி படிந்தால் இல்லாத பனியை இருப்பதாகச் சொல்லும். வேறொரு வகைக் கருவி, காற்றில் சிதறும் ஒளியை அளக்கிறது. அதில் தூசி படிந்தால் கதை தலைகீழ்: இருக்கிற பனியைக் குறைத்துக் காட்டும். முன்னதில் பயணம் கெடும்; பின்னதில் உயிருக்கே ஆபத்து. சிலந்தி வலைகூட அளவைக் குழப்பும். அதனால்தான் துடைப்பதும் அளவு சரிபார்ப்பதும் வழக்கமான வேலையாக நடந்தாக வேண்டும். விமானம் கருவிகளின் துணையோடு இறங்கும் முறைகளில், சாதாரணமான முதல் வகைக்கு ஓடுபாதையில் 550 மீட்டராவது தெரிய வேண்டும். அதற்குக் கீழே போனால் விமானி இறக்கக் கூடாது. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

பணத்துக்கு வருவோம். உள்நாட்டு விமானத்தை முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக (டிஜிசிஏ) விதிப்படி பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது இழப்பீடு. வானிலை காரணம் என்றால் அது கிடையாது. ஆனாலும் ரத்தான விமானத்துக்கு மாற்று விமானமா, முழுப் பணமா என்று கேட்கலாம். காலை எட்டுக்கே பனி விலகிய பிறகும் மாலை விமானத்துக்கு அதே காரணத்தைச் சொன்னால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

ஆதாரம் பொதுவெளியில் இருக்கிறது. 'மெட்டார்' என்ற வானிலை அறிக்கையை இணையத்தில் யாரும் பார்க்கலாம். திருச்சியின் குறியீடு வி.ஓ.டி.ஆர். அதில் நேரம் 0030 என்றால் நம் நேரம் காலை 6 மணி. ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்து, தெரியும் தூரம் தனி நான்கு இலக்கமாக மீட்டர் கணக்கில் வரும்: 0300 என்றால் 300 மீட்டர், 9999 என்றால் 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல். எஃப்.ஜி. என்றால் பனிமூட்டம். புறப்படும் ஊர், சேரும் ஊர் இரண்டுக்கும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்; வேலையில் சேரும் தேதி நெருங்கியவர்களுக்கு முதலாளியிடம் காட்டவும் அது உதவும்.

முதல் புகார் விமான நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு. அடுத்தது மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார் தளமான ஏர்சேவா. அதிலும் தீராவிட்டால், வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பெரம்பலூரோ அரியலூரோ, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.